போன் பழக்கமும் மாலை நேரமும்: கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விடுதி மாணவர்களும் சில பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. அவர்கள் கேட்கும் தொனியிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். விளையாட்டையும் மூச்சுப் பயிற்சியையும் வைத்து போன் நேரத்தைக் குறைப்பது பற்றித்தான் இங்கே பெரும்பாலும் பேச்சு. செட்டிங்ஸ் வித்தைகளுக்குக் கொஞ்சம்தான் இடம்.

எல்லாரும்தான் ரீல்ஸ் பார்க்கிறார்கள். எனக்கு இருப்பது அடிமைத்தனம்தான் என்று எப்படித் தெரியும்?

'ஸ்மார்ட்போன் அடிமைத்தனம்' என்ற பெயரில் மருத்துவப் பட்டியலில் ஒரு நோய் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலுடைய 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வீடியோ கேமை விட முடியாமல் ஆடும் கோளாறு அதில் இருக்கிறது, போன் இல்லை. அதனால் யாராவது உங்களைப் பார்த்து "நீ அடிக்ட்" என்றால் அது திட்டுதான், நோயின் பெயர் இல்லை.

ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 2013-இல் தென்கொரியாவில் உருவாக்கிய அதன் சுருக்க வடிவத்தில் 10 வாக்கியங்கள் உண்டு. திட்டமிட்ட வேலை போனால் தவறிப்போகிறதா, வகுப்பில் கவனம் சிதறுகிறதா, மணிக்கட்டோ பின்கழுத்தோ வலிக்கிறதா, நினைத்ததைவிட அதிக நேரம் பார்க்கிறீர்களா, கூட இருப்பவர்கள் சொல்லிக் காட்டுகிறார்களா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். ஆண்களுக்கு 31, பெண்களுக்கு 33 என்று எல்லை வைத்தார்கள். அந்த எல்லை கொரியப் பள்ளி வயதுப் பிள்ளைகளை வைத்துப் போட்டது. நம் ஊர் இறுதியாண்டு மாணவருக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் மணிக்கணக்கைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. பாட வீடியோவும் வீட்டுக்குப் பேசியதுமாக ஆறு மணி நேரம் ஓடியிருக்கலாம். போனால் எது காணாமல் போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். தூக்கமா, காலைச் சாப்பாடா, முதல் பீரியடா, முன்பு தினமும் ஆடிய வாலிபாலா? "குறைக்கணும்" என்று நீங்களே முடிவெடுத்து, அது பலமுறை நடக்காமல் போயிருந்தால் மேலே படியுங்கள்.

மனக்கட்டுப்பாடு இல்லாததுதானே காரணம்? வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பாதிகூட உண்மை இல்லை. பக்கத்தின் அடி வந்தால் நிறுத்தலாம் என்ற வாய்ப்பையே எடுத்துவிட்ட முடிவில்லா ஸ்க்ரோலை 2006-இல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வருந்திப் பொதுவெளியில் பேசினார். அடுத்த வீடியோ நன்றாக இருக்குமா மொக்கையா என்று தெரியாமல் இருப்பதுதான் இழுப்பு. எப்போது தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார்.

வீட்டில் சொல்லாத இன்னொரு காரணம் உங்கள் நேர அட்டவணையில் இருக்கிறது. விடுதி மாணவருக்கு நாலரை மணிக்கு வகுப்பு முடிகிறது. எட்டு மணிக்கு மெஸ். நடுவில் மூன்றரை மணி நேரம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சாப்பாடு முடிந்து தூங்கும்வரை மறுபடி ஒரு காலி நேரம். அந்த இரண்டு இடைவெளியிலும் போய் உட்கார்ந்துகொள்வது போன். அதை வெளியே அனுப்புவதற்கு முன்னால், அந்த இடத்தில் வேறு எதை வைக்கப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். உடற்பயிற்சியை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஓடினால் போன் பார்ப்பது எப்படிக் குறையும்? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான காரணம், ஆடும்போது கையில் போன் இருக்காது. சிரிக்க வேண்டாம், இது பெரிய விஷயம். மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை கபடிக் களத்தில் இருப்பவருக்கு அன்றைய நாளில் ஒன்றரை மணி நேரம் எந்தப் போராட்டமும் இல்லாமல் குறைந்துவிட்டது.

இரண்டாவது தூக்கம். இரவு ஒரு மணி வரை ரீல்ஸ் ஓடுவதற்குப் பல நேரம் ஆசை காரணம் இல்லை. உடம்பு அசதியாகவில்லை, தூக்கம் வரவில்லை, விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா கிடக்கப் பிடிக்கவில்லை. வியர்க்க ஆடியவருக்கு அந்தச் சிக்கல் குறைவு. தூங்கி எழுந்தவருக்கு மறுநாள் மதியம் மனதை அடக்குவது கொஞ்சம் சுலபம். தூக்கம் கெட்டவர் மதியம் வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே போனை எடுக்கிறார், இரவு மறுபடி தூக்கம் வருவதில்லை. இந்தச் சுற்றை உடம்பு வழியாக உடைப்பது, மனம் வழியாக உடைப்பதைவிட எளிது.

மூன்றாவது, ஆட்கள். அறையில் தனியாக இருக்கிறோம் என்ற உணர்வுதான் பலரை இன்ஸ்டாகிராமில் உட்கார வைக்கிறது. அணியில் ஆறு பேர் உங்களுக்காகக் காத்திருந்தால் அந்தத் தேவை வேறு வழியில் தீர்கிறது.

நான்காவது, ஆசை எழும் கணத்தில் உடம்பை அசைப்பது. சிகரெட் பிடிப்பவர்களிடம் நடந்த பல சோதனைகளில், கொஞ்ச நேர வேக நடைகூடப் புகைக்கும் ஏக்கத்தைத் தற்காலிகமாகத் தணித்தது. போனுக்கு அதே அளவுக்கு ஆராய்ச்சி நடக்கவில்லை. செய்து பார்க்கச் செலவு எதுவும் இல்லை.

இதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறதா, இல்லை பி.டி. சார் சொல்கிற வழக்கமான பேச்சா?

இருக்கிறது. பெரும்பகுதி சீனப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது. 2021-இல் வெளியான ஒன்றில், போன் பழக்கம் எல்லை மீறிய 96 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு கூடைப்பந்து ஆடியது. ஒரு குழு 'பாதுவான்ஜின்' என்ற பழைய சீனப் பயிற்சியைச் செய்தது; எட்டு அசைவுகளை மூச்சோடு சேர்த்து மெதுவாகச் செய்யும் முறை அது. மூன்றாவது குழு வழக்கம்போல் இருந்தது. 12 வாரம் கழித்து, பயிற்சி செய்த இரண்டு குழுவிலும் போன் பழக்கமும் பதற்றமும் தனிமை உணர்வும் குறைந்திருந்தன. ஓடியாடும் விளையாட்டும் உதவியது, மூச்சைக் கவனித்து மெல்ல அசைவதும் உதவியது என்பது எனக்கு அதில் பிடித்த செய்தி.

ஜெர்மனியின் போக்கும் (Bochum) நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழகத்தில் யூலியா பிரைலோவ்ஸ்கயாவின் குழு 600-க்கும் மேற்பட்டவர்களிடம் இன்னொன்றைச் சோதித்தது. சிலர் இரண்டு வாரம் சமூக ஊடகத்தைத் தினமும் 30 நிமிடம் குறைத்தார்கள். சிலர் தினமும் 30 நிமிடம் கூடுதலாக உடம்பை அசைத்தார்கள். சிலர் இரண்டையும் செய்தார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வுகள் பலவற்றில் ஆட்கள் குறைவு. தான் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது மாணவருக்குத் தெரியும். "குறைந்திருக்கிறது" என்று அவர்களே எழுதித்தந்த விடையை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கு. அதனால் மாத்திரைபோல வேலை செய்யும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. உடம்புக்கு எப்படியும் நல்லது, போன் குறைய நல்ல வாய்ப்பும் உண்டு; அந்த அளவில் சொல்வேன்.

எந்தப் பயிற்சி நல்லது? நான் ஜிம்முக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் போன் குறைக்க ஜிம் என் முதல் பரிந்துரை இல்லை. ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவில் ஓய்வு கிடைக்கும்போது அங்கே எல்லார் கையிலும் போன்தான். பிறகு கண்ணாடி, செல்ஃபி, ஸ்டோரி, யார் பார்த்தார்கள் என்று பத்து முறை திறந்து பார்ப்பது. போனை லாக்கரில் வைக்க முடிந்தால் ஜிம் நல்லதுதான்.

என் வரிசை இப்படி. கையும் கண்ணும் முழுக்க மாட்டிக்கொள்ளும் குழு ஆட்டம் முதலில்: வாலிபால், கபடி, கோ-கோ, இறகுப்பந்து, கால்பந்து. சிலம்பம் இதில் தனி ரகம். கம்பு சுற்றும்போது ஒரு நொடி கவனம் தவறினால் முட்டியில் விழும். நோட்டிஃபிகேஷன் நினைவுக்கே வராது. அடுத்து நண்பரோடு ஓட்டம் அல்லது சைக்கிள். கடைசியில்தான் தனியாக, காதில் பாட்டோடு ஓடுவது. பாட்டை மாற்ற எடுக்கும் போன் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கே தெரியும்.

அளவு கேட்டால், உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைக்கு வேலை. முதல் வாரமே அதைத் தொடப் பார்க்காதீர்கள். பள்ளி முடித்த பிறகு ஓடியே இராத ஒருவர் திங்கள்கிழமை ஐந்து கிலோமீட்டர் ஓடினால், செவ்வாய்க்கிழமை கால் வலியோடு கட்டிலில் படுத்து நாள் முழுக்கப் போன் பார்ப்பார்.

எங்கள் பெண்கள் விடுதியில் ஆறு மணிக்கு கேட் மூடிவிடுகிறார்கள். மைதானமெல்லாம் பையன்களுக்குத்தான். நாங்கள் என்ன செய்ய?

நியாயமான கோபம். மாணவிகளிடம் போன் பழக்கம் பற்றி அறிவுரை சொல்லும் நிர்வாகங்கள், அவர்களை ஆறு மணிக்கு அறைக்குள் அடைத்தால் கையில் வேறு என்ன இருக்கும் என்று யோசிப்பதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளாவது மைதானத்தை மாணவிகளுக்கு ஒதுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காமல் முப்பது கையெழுத்தோடு கேளுங்கள்.

அதுவரை இருக்கிற இடத்தில் நடத்தலாம். ஸ்கிப்பிங் கயிறுக்கு ஆறடி இடம் போதும். மாடிப்படி ஏறி இறங்குவது நல்ல உழைப்பு. மொட்டை மாடியைத் திறந்துவிட வார்டன் சம்மதித்தால் ரிங் பால், சிலம்பம், சூரிய நமஸ்காரம் எல்லாம் நடக்கும். டைனிங் ஹாலில் மேசைகளை ஒதுக்கிவிட்டு அரை மணி நேரம் குத்துப்பாட்டுக்கு ஆடினாலும் அது உடற்பயிற்சிதான். பாட்டு ஸ்பீக்கரில் ஓடட்டும், வீடியோ மட்டும் எடுக்க வேண்டாம். வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சி தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். கருவி எதுவும் வேண்டாம், அறைக்குள்ளேயே செய்யலாம், வியர்த்து ஓட முடியாத நாட்களுக்கும் ஏற்றது. உங்கள் விடுதியிலேயே அதைப் பள்ளியில் கற்ற ஒருத்தி இருக்கக்கூடும்.

காலையிலா, மாலையிலா?

உடம்புக்கு எப்போதும் சரி. போனுக்கு மாலை. நீங்கள் வழுக்கி விழுவது மாலையிலும் இரவிலும்தான். தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்கும் ஆட்டம் வேண்டாம்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் தியானம்தானே? சாமி கும்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நம்பிக்கை தேவையில்லை. இப்போது என்ன நடக்கிறது என்பதை, அதை மாற்றப் பார்க்காமல் கவனிப்பது; அவ்வளவுதான். இதன் வேர் பௌத்தத் தியானத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் 1979-இல், நாள்பட்ட வலியோடு இருந்த நோயாளிகளுக்காக மதச் சடங்கு எதுவும் இல்லாமல் இதை 8 வாரப் பயிற்சியாக மாற்றினார். இன்று ஆய்வுகளில் வரும் மைண்ட்ஃபுல்னெஸ் பெரும்பாலும் அந்த 8 வார வடிவமோ அதன் வாரிசோதான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களை வைத்து நடந்த சோதனை 2018-இல் வெளியானது. 8 வாரப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தேர்வுக் காலத்தில் மன உளைச்சல் குறைவாக இருந்தது. அதே ஆண்டு வெளியான ஒரு சீன ஆய்வு நேராகப் போன் பழக்கத்தையே எடுத்துக்கொண்டது. 70 மாணவர்கள் கலந்துகொண்ட சின்ன ஆய்வு. மைண்ட்ஃபுல்னெஸோடு எண்ணங்களை மாற்றும் பயிற்சியையும் சேர்த்துக் குழுவாக 8 வாரம் செய்தவர்களிடம் போன் நேரம் குறைந்தது.

சரி, எப்படிச் செய்வது? எளிமையாகச் சொல்லுங்கள்.

உட்காருங்கள். சம்மணம் கட்டாயம் இல்லை, நாற்காலி போதும். போன் வேறு அறையிலோ பீரோவுக்குள்ளோ இருக்கட்டும். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்தது போகும்போது இரண்டு, இப்படிப் பத்து வரை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நடுவில் நாளைய இன்டர்னல், மெஸ் பில், யாரோ பார்த்துவிட்டுப் பதில் போடாத மெசேஜ் எல்லாம் வரும். வந்தது தெரிந்ததும் ஒன்றுக்குத் திரும்புங்கள். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் பத்து பதினைந்துக்குக் கொண்டுபோனால் போதும்.

இது ஒத்திகை. உண்மையான இடம், கை போனுக்குப் போகும் அந்த நொடி. அந்த நொடியைப் பிடிப்பதற்குத்தான் இத்தனை எண்ணிக்கையும். கை நீளுகிறது என்று தெரிந்தவுடன் நிறுத்தி, மூன்று விஷயம் பாருங்கள். இப்போது உடம்பில் என்ன இருக்கிறது: நெஞ்சில் ஒரு பரபரப்பா, கண்ணில் எரிச்சலா, வெறும் சலிப்பா? எதற்காக எடுக்கிறேன்: மணி பார்க்கவா, எதையோ தள்ளிப்போடவா? எடுக்காவிட்டால் அடுத்த இரண்டு நிமிடத்தில் இந்த உணர்வு என்ன ஆகிறது?

மூன்றாவதைத்தான் பலரும் நம்ப மாட்டார்கள். ஆசை ஏறிக்கொண்டே போகும், கடைசியில் தாங்காது என்று நினைக்கிறோம். அது ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். அலைமேல் மிதப்பதுபோல அதன்மேல் இருந்துகொண்டே கடந்து போகச் சொன்னவர் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட். குடியை, சிகரெட்டை விட முயல்பவர்களுக்காக அவர் கற்றுக்கொடுத்தது. அடக்கச் சொல்லவில்லை, திசைதிருப்பவும் சொல்லவில்லை. அது இறங்கும்வரை பார்க்கச் சொன்னார். இறங்கிய பிறகும் போன் வேண்டும் என்றால் எடுங்கள். அப்போது எடுப்பது நீங்களாக முடிவு செய்து எடுப்பது.

இன்னொரு சுலபமான இடம் மெஸ். ஒரு வேளைச் சாப்பாடு, போன் இல்லாமல், சோற்றின் சூட்டையும் குழம்பின் புளிப்பையும் கவனித்து. மெஸ் சாம்பாரை இவ்வளவு கவனமாகச் சாப்பிட வேண்டுமா என்று ஒரு மாணவர் கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

கண்ணை மூடினாலே பயமாக, படபடப்பாக இருக்கிறது. நான் தப்பாகச் செய்கிறேனா?

தப்பில்லை. சிலருக்கு, முக்கியமாகப் பழைய அதிர்ச்சி எதையாவது சுமப்பவர்களுக்கு, அமைதியாக உட்காருவதே தொல்லையைக் கிளப்பும். கண்ணைத் திறந்துகொண்டு செய்யுங்கள். அல்லது நடந்துகொண்டே பாதம் தரையில் படுவதை மட்டும் கவனியுங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் விட்டுவிட்டு விளையாடப் போங்கள். படபடப்பு தொடர்ந்தால் ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

தியான ஆப் ஏதாவது சொல்லுங்களேன்.

எந்த ஆப்பையும் சொல்லப்போவதில்லை. போனைக் குறைக்கப் போனைத் திறந்தால், திறந்த வழியில் மூன்று நோட்டிஃபிகேஷன் நிற்கும். எண்ண விரல் இருக்கிறது. நேரம் பார்க்க நூற்றைம்பது ரூபாய் அலாரம் கடிகாரம் போதும். கடிகாரம் வாங்கினால் காலையில் அலாரத்துக்காகப் போனைத் தலையணைக்கு அருகில் வைக்கும் சாக்கும் போய்விடும்.

எங்கள் கல்லூரியில் தினமும் எல்லாருக்கும் கட்டாயத் தியானம் வைக்கப் போகிறார்களாம். நல்லதுதானே?

எனக்குச் சந்தேகம்தான். பிரிட்டனில் 85 பள்ளிகள், 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்று மிகப் பெரிய சோதனை ஒன்று நடந்து 2022-இல் முடிவு வந்தது. வகுப்பில் எல்லாருக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் கற்றுக்கொடுத்ததால், வழக்கமான பாடத்தைவிட மனநலம் கூடவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. அவர்கள் வயதில் சிறியவர்கள் என்பது உண்மை. ஆனால் வருகைப்பதிவுக்காகக் கண்ணை மூடி உட்காரும் கல்லூரி மாணவர் என்ன செய்வார் என்பது நமக்குத் தெரியாததா? அந்த நேரத்தை விளையாட்டுக்குக் கொடுத்துவிட்டு, தியானத்தை விரும்பி வருபவர்களுக்கு மட்டும் நடத்தினால் நல்லது.

போனை முழுசாக விட்டுவிட்டுப் பட்டன் போன் வாங்கிக்கொள்ளலாமா?

சிலருக்கு ஒத்துவரும். பெரும்பாலானவர்களுக்கு நடைமுறையில் இடிக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழு, பிளேஸ்மென்ட் அறிவிப்பு, டீக்கடை ஜி-பே எல்லாம் அதில்தான். இரண்டு வாரத்தில் பழைய போன் பையிலிருந்து வெளியே வந்துவிடும்.

மேலே சொன்ன ஜெர்மன் குழு 619 பேரை வைத்து இதையும் பார்த்தது. ஒரு வாரம் சிலர் போனை முழுக்க விட்டார்கள், சிலர் தினம் ஒரு மணி நேரம் மட்டும் குறைத்தார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, முழுக்க விட்டவர்கள் தினம் 38 நிமிடம் குறைவாகவும், ஒரு மணி நேரம் குறைத்தவர்கள் 45 நிமிடம் குறைவாகவும் பயன்படுத்தினார்கள். பட்டினி கிடந்தவரைவிட அளவாகச் சாப்பிட்டவர் நிலைத்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களிடம் நடந்த 2018 ஆய்வும் இதே பக்கம்தான். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் தினம் தலா 10 நிமிடம் என்று மூன்று வாரம் கட்டுப்படுத்தியவர்களுக்குத் தனிமையும் சோர்வும் குறைந்தன.

செட்டிங்ஸில் என்ன மாற்றலாம்?

திரையைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடந்த 2020 ஆய்வில் இது மட்டுமே நாளுக்குச் சுமார் 38 நிமிடம் குறைத்தது. மனிதர்கள் அனுப்பும் மெசேஜ், அழைப்பு தவிர மற்ற நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். சார்ஜரைக் கட்டிலிலிருந்து எழுந்து போய்த்தான் எடுக்க வேண்டிய இடத்துக்கு மாற்றுங்கள். இதற்குமேல் செட்டிங்ஸில் நேரம் செலவழித்தால் அதுவும் போன் நேரம்தான்.

எத்தனை நாளில் தெரியும்? நான் தொடங்கி நாலு நாள் ஆச்சு, எரிச்சல்தான் கூடியிருக்கிறது.

எரிச்சல் வரும். முதல் வாரத்தில் சட்டைப்பையைத் தடவுவது, அடிக்காத போன் அடித்ததுபோல் தோன்றுவது, காரணமில்லாமல் ரூம்மேட்மேல் பாய்வது எல்லாம் சகஜம். தூக்கம்தான் முதலில் சீராகும். மேலே சொன்ன பயிற்சி ஆய்வுகளில் பல 8 முதல் 12 வாரம் நடந்தன என்பதை நினைவில் வையுங்கள். ஒரு செமஸ்டரின் பெரும்பகுதி அது.

நடுவில் ஒரு வாரம் மொத்தமாகச் சரியும். மழை, காய்ச்சல், இன்டர்னல், காதல் தோல்வி, ஏதாவது ஒன்று. அப்போது இரண்டையும் காப்பாற்ற முயலாதீர்கள். தியானம் போனால் போகட்டும், மாலை ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களைத் தேடி அறைக்கு வர ஆள் இருக்கிறது. மூச்சை எண்ணவில்லை என்று தேடி வர யாரும் இல்லை.

நான் ஒரு அம்மா. பையன் லீவுக்கு வந்தாலும் போனோடுதான். பிடுங்கி வைக்கலாமா?

பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும், அம்மா. அவனுடைய நண்பர்கள், காதல், தோல்வி எல்லாம் அதற்குள் இருக்கிறது. பிடுங்குவதற்குப் பதில் கூப்பிடுங்கள். மாலையில் கடைக்கு நடந்து போகக் கூட வரச் சொல்லுங்கள், மாமா பையனோடு கிரிக்கெட்டுக்கு அனுப்புங்கள். சாப்பாட்டு நேரத்தில் போன் கூடாது என்று விதி வைத்தால் அது அப்பாவுக்கும் சேர்த்துத்தான். அரியர் வைத்ததை ஒவ்வொரு வேளையும் நினைவூட்டினால், அவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனைத்தான் திறப்பான்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ஓட்டமும் மூச்சும் போதாத நிலைகள் உண்டு. வாரக்கணக்கில் வகுப்புக்கே போகாமல் இருப்பது, குளியலும் சாப்பாடும் விட்டுப்போவது, பணம் வைத்து ஆடியோ லோன் ஆப்பிலோ கடன் ஏறியிருப்பது, எதிலும் பிடிப்பில்லாத சோகம், உயிரை விடலாம் என்ற எண்ணம். இவற்றில் பலவற்றில் போன் மேலே தெரிவது மட்டும்தான். அடியில் மனச்சோர்வோ பதற்றமோ இருக்கும். உயிரை விடும் எண்ணம் வந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போன், இணையம், கேம் பழக்கத்துக்கென்றே 2014-இல் தொடங்கிய 'ஷட்' கிளினிக் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. அங்கே போவதற்கு வீட்டில் எல்லாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனால் எல்லாம் கெட்டுவிடுகிறது. என்ன செய்ய?

ஊரில் ஆட்டம் எங்கே நடக்கிறது என்று போகும் முன்பே விசாரித்து வையுங்கள். பெரும்பாலான ஊர்களில் பள்ளி மைதானத்திலோ கோயில் திடலிலோ மாலையில் வாலிபால் வலை கட்டியிருப்பார்கள். முதல் நாளே போய் நில்லுங்கள். மூன்றாம் நாள் போகலாம் என்று வைத்தால் போக மாட்டீர்கள். ஆள் குறைவாக இருந்தால் யாராக இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள்.